வீட்டில் கட்டிய விமானத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

2022இல் கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், இங்கிலாந்தில் தாமே கட்டிய நான்கு இருக்கை விமானத்தில் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்த செய்தி நம் பத்திரிகைகளில் ஒரு சுற்று வந்தது. படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி அவரை ரைட் சகோதரர்களின் வாரிசாக்கியது. இன்னொரு கட்சி, வீட்டில் செய்த விமானத்தில் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதா என்று தலையில் அடித்துக்கொண்டது. உண்மையில் அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று வடிவமைத்து விற்கும் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற விமானத்தின் பாகங்களை வாங்கிப் பொறுமையாக இணைத்தார். கட்டி முடித்த கையோடு குடும்பத்தை ஏற்றவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே சோதனைப் பறத்தல் என்று ஒரு கட்டம் இருக்கிறது. செய்திகளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கட்டத்தைப் பற்றியது. உதாரணங்களை அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பால் போபரெஸ்னி 1953இல் விஸ்கான்சினில் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம் அங்கே இந்தப் பொழுதுபோக்கை ஒரு மக்கள் இயக்கமாகவே வளர்த்துவிட்டது. அந்த நாட்டு விதிகளும் விபத்து அறிக்கைகளும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியில் கிடைக்கின்றன.

பதிவேட்டில் சில காலியிடங்கள்

முடிவிலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். சோதனைக் காலம் முடிந்ததும் விமானத்தின் பதிவேட்டில் ஓர் உறுதிமொழியை எழுதிக் கையெழுத்திட வேண்டும். விமானம் அதன் எல்லா வேகங்களிலும் கட்டுக்குள் இருக்கிறது, ஆபத்தான குணம் ஏதும் இல்லை, பறக்கப் பாதுகாப்பானது என்பது அதன் சாரம். அதோடு நின்றிருந்தால் அது வெறும் சம்பிரதாயம். ஆனால் அதற்கு அடுத்த வரிகளில் காலியிடங்கள் வருகின்றன. எந்த வேகத்துக்குக் கீழே இறக்கை தாங்காமல் விடுகிறது, எந்த வேகத்தில் ஏறினால் குறைந்த தூரத்தில் அதிக உயரம் கிடைக்கிறது, எந்த வேகத்தில் ஏறினால் குறைந்த நேரத்தில் கிடைக்கிறது, இவற்றை அளந்தபோது விமானத்தின் எடை எவ்வளவு, ஈர்ப்பு மையம் எங்கே இருந்தது. எல்லாம் எண்கள்.

சோதனைப் பறத்தல் என்பது இந்த எண்களைத் தேடும் வேலை. விமானம் எழும்புமா எழும்பாதா என்று பார்ப்பது அதில் மிகச் சிறிய பங்கு. பல நூறு பேர் ஏற்கெனவே கட்டிப் பறந்த வடிவம் எழும்பத்தான் செய்யும். நிறுவனத்தின் விளம்பரத் தாளிலேயே வேகங்கள் அச்சாகியிருக்கின்றனவே, அதைப் பார்த்து எழுதினால் போதாதா? போதாது. ஏன் என்று புரிய, முதலில் கட்டும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

சொந்த வடிவம், வரைபடம், கிட்

வீட்டு விமானங்கள் மூன்று வழிகளில் உருவாகின்றன. முழுக்கத் தானே வடிவமைப்பது அபூர்வம். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தை அப்படித்தான் கட்டினார். அதற்கு 2017இல்தான் பதிவு கிடைத்தது. இரண்டாவது, வரைபடத்தை மட்டும் வாங்கி, பொருளை வெளியில் தேடிக்கொள்வது. 1970களிலும் 80களிலும் அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் விற்ற வேரி-ஈஸ், லாங்-ஈஸ் வரைபடங்கள் இந்த வகை. நுரைக் கட்டிகளைச் சூடான கம்பியால் சீவி, மேலே கண்ணாடி இழைத் துணியையும் பிசினையும் போர்த்தினால் இறக்கை. மூன்றாவது கிட், அதாவது பாகங்கள் வெட்டி, துளையிட்டு, பெட்டிகளில் வந்து சேரும் தொகுப்பு. இன்று பெரும்பாலோர் போகும் வழி இதுதான். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973இல் தொடங்கிய, ஆரிகன் மாநிலத்தின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இதில் முன்னோடி. அதன் ஆர்வி வரிசை விமானங்களில் 11,000க்கும் மேற்பட்டவை கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. இனி இந்தக் கட்டுரையில் வருவது பெரும்பாலும் அந்த வரிசையின் ஆர்வி-7: இரண்டு பேர் அருகருகே உட்காரும் அலுமினிய விமானம்.

கிட் என்றதும் 'அப்படியானால் அவர் கட்டவில்லை, பொருத்தினார்' என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. ஆர்வி-7 கட்ட 1,500 முதல் 2,000 மணி நேரம் ஆவது சாதாரணம். மாலையும் வார விடுமுறையும் போனால் பல வருட வேலை.

அமெரிக்க விதி இதை 51 சதவீதம் என்ற அளவால் பிடிக்கிறது. விமானத்தின் பெரும்பங்கை, தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே உருவாக்கி இணைத்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இது பணத்தில் 51 சதவீதமும் அல்ல, நேரத்தில் 51 சதவீதமும் அல்ல. விமானத்தை உருவாக்கத் தேவையான வேலைகளை விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் எத்தனை வேலையில் உங்கள் கை பட்டது என்பதுதான் கணக்கு. எஞ்சின், புரொப்பல்லர், கருவிகள், வர்ணம், இருக்கைத் துணி ஆகியவை கணக்கிலேயே வராது. எஞ்சினை யாரும் சமையலறையில் வார்க்கச் சொல்லவில்லை.

இந்த விதியைக் கடந்தவற்றுக்குச் 'சோதனை வகை' என்ற சட்டப் பிரிவில் உரிமம் கிடைக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளையோ சரக்கையோ ஏற்றக்கூடாது. உள்ளே உட்காருபவர் கண்ணில் படும்படி ஓர் அறிவிப்பும் ஒட்டியிருக்க வேண்டும்: இது அமெச்சூர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல. மறைத்துப் பேசும் வழக்கமில்லை.

இதுவரை வந்ததன் சுருக்கம்: பெரும்பாலான வீட்டு விமானங்கள் தேர்ந்த வடிவமைப்பாளர் ஒருவரின் கிட்டிலிருந்து, உரிமையாளரின் கையால் உருவாகின்றன. வடிவம் பழகியது; கைவேலை ஒவ்வொன்றிலும் புதிது.

ஒரு ரிவெட் சரியாக அமைவது எப்படி

ஆர்வி-7இன் உடலை வெல்டிங் சேர்த்து நிறுத்தவில்லை. ரிவெட்டுகள்தான் நிறுத்துகின்றன. ரிவெட் என்பது ஒரு பக்கம் தலையுள்ள சிறு அலுமினிய முளை. இரண்டு தகடுகளின் துளை வழியே நுழைத்து, மறுமுனையை நசுக்கி இன்னொரு தலையாக்கினால் தகடுகள் பிரியாது. ஒரு விமானத்தில் பத்தாயிரத்துக்கும் மேல்.

முதலில் இரண்டு தகடுகளையும் கிளிகோ என்ற சிறு ஸ்பிரிங் கவ்விகளால் தற்காலிகமாகச் சேர்க்கிறார்கள். செப்பு நிறக் கிளிகோ ஓர் அளவுத் துளைக்கு, வெள்ளி நிறம் இன்னோர் அளவுக்கு. பட்டறையில் நிறம் பார்த்தே கை போகும். துளையை இறுதி அளவுக்குப் பெரிதாக்கியதும் எல்லாவற்றையும் கழற்றுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு எரிச்சல் வரும் இடம் இது: இப்போதுதானே மாட்டினோம்? துளையின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதைச் சீவி எடுக்காமல் ரிவெட் அடித்தால், பல வருடம் அதிர்ந்த பிறகு அந்தப் பிசிறிலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஆகவே பத்தாயிரத்துச் சொச்சம் துளைகளிலும் இரண்டு பக்கமும் பிசிறு நீக்க வேண்டும். மறுபடி சேர்த்து, ஒருவர் வெளியிலிருந்து காற்றழுத்தச் சுத்தியலால் தட்ட, இன்னொருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டியை முளையின் முனையில் அழுத்திப் பிடிக்கிறார். வால் பகுதிக்குள் நுழைந்து கட்டி பிடிக்க ஒல்லியான ஆள் தேவை. பல வீடுகளில் அந்த வேலை பிள்ளைகள் தலையில் விழுகிறது.

நசுங்கிய தலையின் அகலம் முளையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. 2.4 மில்லிமீட்டர் முளை என்றால் 3.6 அகலம், 1.2 உயரம். குறைந்தால் பிடி போதாது. அதிகமாக நசுக்கினால் உலோகம் வலுவிழக்கும். தவறியதைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் துளை கொஞ்சம் அகன்றுபோகும். எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது என்ற தெளிவு வருவதற்குள் வால் பகுதி முடிந்துவிடும். கிட்காரர்கள் பெரும்பாலும் வாலை முதலில் அனுப்புவதில் இந்த நன்மையும் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் எஃப்ஏஏ ஆய்வாளரோ அதன் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ வந்து பார்ப்பார். கட்டியதற்கான புகைப்படங்கள், குறிப்பேடு, எடைக் கணக்கு, கண்ணுக்குத் தெரியும் பாகங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து சான்றிதழ் தருவார். மூடிய இறக்கைக்குள் இருக்கும் ரிவெட்டை அவரால் பார்க்க முடியாது. 'அரசாங்கம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டது' என்று நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ், சோதித்துப் பார்க்கத் தரும் அனுமதி. சோதனை இனிமேல்தான்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிய தலைமுறைக்கு இந்தப் பகுதியை விளக்கவே வேண்டாம். மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் பின்பாரம்: நுகத்தடி மேலே தூக்கும், கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் அடுக்கினால் முன்பாரம்: நுகம் கழுத்தை அழுத்தும், மாடு திணறும். மொத்தச் சுமை அதேதான். அது அச்சுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் வேறுபாடு.

விமானத்துக்கு இறக்கையே அச்சு. மொத்த எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாகப் பாவித்தால் அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். அது இறக்கையின் அகலத்தில் ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும். ஆர்வி-7இல் அந்த எல்லை சுமார் 8 அங்குலம், ஒரு சாணுக்கும் குறைவு. மையம் முன்னால் போனால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க வாலுக்கு வலு போதாது. பின்னால் போனால் நிலைமை மோசம்: விமானம் தொட்டதற்கெல்லாம் துள்ளும், மூக்கு ஒருமுறை மேலே போய்விட்டால் கீழே வர மறுக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. மூன்று சக்கரங்களின் கீழும் தராசு வைக்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: விமானத்தின் மூக்கு நுனியிலிருந்து தூரத்தை அளக்கிறோம். மூக்குச் சக்கரம் 50 செ.மீ. தொலைவில், தராசில் 100 கிலோ. பின் சக்கரங்கள் இரண்டும் 200 செ.மீ. தொலைவில், ஒவ்வொன்றும் 210 கிலோ. எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 5,000 + 84,000 = 89,000. மொத்த எடையான 520ஆல் வகுத்தால் சுமார் 171 செ.மீ. மையம் அங்கே இருக்கிறது. இப்போது 330 செ.மீ. தொலைவில், இருக்கைக்குப் பின்னால், மொத்தம் 40 கிலோ எடையுள்ள இரண்டு பயணப் பெட்டிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மையம் 182.5க்கு நகர்ந்துவிடும். இரண்டு பயணப் பெட்டி, 11 சென்டிமீட்டர். ஒரு சாண் எல்லையில் பாதிக்கு மேல் போய்விட்டது.

கட்டியவர் கனமான பேட்டரியைப் பின்னால் வைத்திருக்கலாம், வர்ணத்தை மூன்று பூச்சு அதிகம் அடித்திருக்கலாம். ஆகவே அடுத்த விமானக் கொட்டகையில் நிற்கும் அதே வகை விமானத்தின் எடைத்தாள் இவருக்கு உதவாது. பதிவேட்டின் முதல் காலியிடம் இப்படித்தான், தரையிலேயே, நிரம்புகிறது.

தரையில் முடிக்க வேண்டியவை

இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கும் சிறு மடல்கள் ஏலரான்கள். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். ஏறிய பக்கம் விமானம் சாயும். இணைப்புக் கம்பிகளை மாற்றிப் பொருத்திவிட்டால் விமானி கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை இடது பக்கம் சாய்க்க, விமானம் வலது பக்கம் சாயும். நடக்காத காரியமல்ல, தொழில்முறைப் பட்டறைகளில்கூட நடந்திருக்கிறது. இதற்கு விமானிகளின் சோதனை ஒன்று உண்டு. கோலைப் பிடித்துக் கட்டை விரலை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். கோலை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கட்டை விரல் காட்டும் பக்கத்து ஏலரான் மேலே ஏறியிருக்க வேண்டும். கோல் தடையின்றி நகர்கிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சரியான திசையில் நகர்கிறதா என்பதுதான் உயிர் காக்கும் கேள்வி.

அடுத்தது எரிபொருள். தரையில் எஞ்சின் ஜோராக ஓடுகிறது என்பதால் மூக்கைத் தூக்கி ஏறும்போதும் ஓடும் என்று சொல்ல முடியாது. சாய்ந்த நிலையில் டாங்கியிலிருந்து குழாய்க்குப் போகும் ஓட்டம் குறையக்கூடும். ஆகவே மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி நிறுத்தி, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு எரிபொருள் வாளியில் விழுகிறது என்று அளக்கிறார்கள். பம்ப் உள்ள அமைப்பில், முழு விசைக்குத் தேவையானதைப் போல 125 சதவீதமாவது வர வேண்டும். தானாக இறங்கி வரும் அமைப்பில் 150 சதவீதம். மணிக்கு 60 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குப் பம்ப் 75 லிட்டர் தர வேண்டும். வாளியும் கடிகாரமும் போதும். இதைச் செய்யாமல் போனவர்களின் கதைகள் விபத்து அறிக்கைகளில் இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எரிபொருள் அமைப்பைச் சோதித்து அதை எழுத்தில் காட்டுவதைக் கட்டாயமாக்கச் சொன்னது.

முதல் பறத்தல்

கதைகளில் இதுதான் உச்சக்காட்சி. நடைமுறையில், சரியாகத் தயாரித்தவர்களுக்கு இது சப்பென்று முடிய வேண்டும். காற்று அடங்கிய காலை, நீளமான ஓடுபாதை, உள்ளே ஒரே ஆள். ஓடுபாதைக்கு மேலேயே வட்டமிட வேண்டும், எஞ்சின் நின்றால் சறுக்கிக்கொண்டே வந்து இறங்கும் தூரத்தைத் தாண்டக்கூடாது. அரை மணியோ ஒரு மணியோ பறந்து, இறங்கி, எஞ்சின் மூடியைக் கழற்றி எண்ணெய்க் கசிவு தேட வேண்டும். புகைப்படக்காரருக்காகத் தாழப் பறந்து காட்டுவது இன்றைக்கு வேண்டாம்.

யார் ஓட்டுவது என்பது தனிச் சிக்கல். ஐந்து வருடம் ரிவெட் அடித்தவர் அந்த ஐந்து வருடமும் அதிகம் பறந்திருக்க மாட்டார். கட்டும் கை தேர்ந்திருக்கும், ஓட்டும் கை துருப்பிடித்திருக்கும். 'நான் கட்டியதை நான்தான் முதலில் ஓட்டுவேன்' என்ற ஆசை புரிகிறது. ஆனால் அதே வகை விமானத்தில் புதிதாகப் பயிற்சி எடுத்துக்கொள்ளாமல் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்வது வெறும் பிடிவாதம். 2014இல் எஃப்ஏஏ ஒரு நல்ல வழி திறந்தது: குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி, தகுதியுள்ள இரண்டாவது விமானி ஒருவர் சோதனைக் காலத்திலேயே கூட வரலாம்.

ஸ்டால்: இறக்கை கைவிடும் இடம்

செய்திகளைப் படிக்கும் பலர் ஸ்டால் என்றால் எஞ்சின் நின்றுபோவது என்று நினைக்கிறார்கள். எஞ்சின் முழு விசையில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் ஆகலாம். எஞ்சினே இல்லாத கிளைடரும் ஸ்டால் ஆகும்.

இறக்கை எதிர்க்காற்றை ஒரு சிறு கோணத்தில் சந்திக்கிறது. காற்று இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி வழுக்கிக் கீழ்நோக்கித் திரும்புகிறது. காற்றைக் கீழே திருப்புவதற்கு ஈடாக இறக்கை மேலே தூக்கப்படுகிறது. வேகம் குறைந்தால் அதே எடையைத் தாங்க விமானி மூக்கை உயர்த்தி அந்தக் கோணத்தை அதிகமாக்க வேண்டும். சுமார் 15 பாகையைத் தாண்டியதும் காற்றால் இறக்கையை ஒட்டிக்கொண்டு வளைய முடிவதில்லை. மேற்புறத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு கலைகிறது. தூக்குவிசை சரிகிறது. அதுதான் ஸ்டால். மீளும் வழி, கோலை முன்னால் தள்ளிக் கோணத்தைக் குறைப்பது. உயரம் இருந்தால் சில விநாடி வேலை. தரைக்கு 100 மீட்டர் மேலே என்றால் அந்தச் சில விநாடி கிடைக்காது.

சோதனையில் இதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். தரையிலிருந்து சில ஆயிரம் அடி உயரத்தில், எஞ்சினைத் தணித்து, விநாடிக்கு ஒரு நாட் என்ற நிதானத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். கோல் லேசாகிறது. இருக்கைக்கடியில் ஒரு நடுக்கம் எழுகிறது. சில விமானங்களில் அந்த எச்சரிக்கையும் வராது, அது வருமா வராதா என்பதே குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. பிறகு மூக்கு விழுகிறது. விழும் நொடியில் வேகமானி என்ன காட்டியது? தொடையில் கட்டிய அட்டையில் எழுது. நேராக விழுந்ததா, ஒரு பக்க இறக்கை முந்திக்கொண்டதா? அதையும் எழுது. மறுபடி ஏறி, மறுபடி செய்.

இந்த ஓர் எண்ணிலிருந்துதான் தரையிறங்க வரும் வேகம் பிறக்கிறது: ஸ்டால் வேகத்தைப் போல 1.3 மடங்கு. 50 நாட்டில் ஸ்டால் ஆனால் 65 நாட்டில் இறங்க வர வேண்டும். விளம்பரத் தாளில் 50 என்று இருந்து, உங்கள் விமானம் உண்மையில் 56இல் கைவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 15 நாட் இடைவெளி இருப்பதாக நம்பி வருகிறீர்கள், இருப்பது 9.

பொய் சொல்லும் வேகமானி

விமானத்தின் வேகமானி சக்கரத்தோடு இணைந்ததல்ல. முன்னோக்கி நீட்டியிருக்கும் பிட்டோ குழாய் மோதும் காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. உடலின் பக்கவாட்டில் உள்ள சிறு துளை, மோதாத காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கருவி வேகமாகக் காட்டுகிறது. பக்கத் துளை இருக்கும் இடத்தில் காற்று கொஞ்சம் விரைந்தாலோ தேங்கினாலோ கணக்கு பிசகும்.

ஆர்வி கட்டுபவர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் இதற்கு உண்டு. வான்ஸ் நிறுவனம் அந்தத் துளைக்கு ஒரு சாதாரண பாப் ரிவெட்டைத்தான் சொல்கிறது: நடுத்தண்டைத் தட்டி வெளியே எடுத்துவிட்டால் குமிழ்த் தலையின் நடுவே துளை கிடைக்கும். பார்க்க மலிவாக இருக்கிறதே என்று சிலர் தகட்டோடு தகடாகப் பதியும் அழகான துளையை வாங்கிப் பொருத்தினார்கள். கருவி தவறாகக் காட்டத் தொடங்கியது. அந்தக் குமிழின் சிறு மேடு காற்றைத் தொந்தரவு செய்யும் விதம் வடிவமைப்பின் ஒரு பகுதி. ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும் ரிவெட் தலை வேகமானியைத் திருத்துகிறது என்றால், கைவேலை ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தாக வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பிழையைப் பிடிக்க ஜிபிஎஸ் உதவுகிறது. ஜிபிஎஸ் தரையை ஒட்டிய வேகத்தைக் காட்டும். அதில் காற்றின் வேகமும் கலந்திருக்கும். காற்று வீசும் திசையை ஒட்டி ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை, அதே உயரத்தில் பறந்தால், 150, 130 என்று வருவதாகக் கொண்டால், சராசரி 140. காற்றின் பங்கு கழிந்துவிட்டது. உயரத்துக்கும் வெப்பத்துக்கும் உரிய திருத்தத்தைச் சேர்த்து வேகமானி காட்டியதோடு ஒப்பிட்டால் பொய்யின் அளவு தெரியும். வெவ்வேறு வேகங்களில் இதைச் செய்து அட்டவணையாக்கிக்கொள்கிறார்கள்.

நடுவில் ஒரு சுருக்கம்: எடைத்தாள் தரையில் கிடைத்தது, ஸ்டால் வேகம் வானத்தில் கிடைத்தது, அதைக் காட்டிய கருவி எவ்வளவு நம்பகம் என்பதும் தெரிந்தது. மூன்றும் இந்த ஒரு விமானத்துக்கு மட்டும் சொந்தமானவை.

ஏற்றமும் படபடப்பும்

ஏறும் வேகங்களைக் கண்டுபிடிப்பது அலுப்பூட்டும் வேலை. 3,000 அடியிலிருந்து 4,000 அடிக்கு 70 நாட்டில் ஏறி நேரம் பார், இறங்கு, 80இல் ஏறு, இறங்கு, 90, 100. நேரத்தை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று மாற்றி, புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் வைத்தால் ஒரு மேடு தெரியும், அதன் உச்சி விரைந்து ஏறும் வேகம். இவ்வளவுதான்.

அதிவேகத்தில் அஞ்ச வேண்டியது படபடப்பு. ஏலரான் போன்ற மடல் ஒன்று லேசாக அதிர, அந்த அதிர்வுக்குக் காற்றே தாளத்தோடு வலு சேர்க்கத் தொடங்கினால், சில விநாடிகளில் மடல் கழன்றுகூடப் போகலாம். இதைத் தடுக்கத்தான் மடல்களின் கீலுக்கு முன்னால் எடைக் கட்டி வைத்துச் சமன் செய்கிறார்கள். சமன் செய்த பிறகு வர்ணம் அடித்தால் மறுபடி சமன் பார்க்க வேண்டும்; வர்ணத்துக்கும் எடை உண்டு. வடிவமைப்பாளர் சொன்ன உச்ச வேகத்தை நோக்கிச் சில நாட் படிகளாக ஏற வேண்டும், ஒரே பாய்ச்சலில் அல்ல. அவர் சொன்ன எல்லையைத் தாண்டிப் பார்க்கும் உரிமை கட்டியவருக்கு இல்லை என்பது என் அழுத்தமான கருத்து.

25 மணி, 40 மணி

இவ்வளவுக்கும் எவ்வளவு நேரம்? எஞ்சினும் புரொப்பல்லரும் சான்று பெற்ற ஜோடி என்றால் 25 மணி நேரப் பறத்தல், இல்லாவிட்டால் 40. குறிப்பிட்ட பகுதிக்குள், மக்கள் நெருங்கி வாழும் இடங்களைத் தவிர்த்து, பயணிகள் இல்லாமல். சிலர் இதைத் தண்டனைக் காலம்போல வட்டமடித்தே கழிப்பார்கள். மணிக்கணக்கு நிறைந்திருக்கும், காலியிடங்களில் எழுத எதுவும் இருக்காது. இந்த வழக்கத்தைக் கண்டுதான் அண்மைக் காலத்தில் எஃப்ஏஏ மாற்று வழியும் தந்திருக்கிறது: மணி நேரத்துக்குப் பதிலாக, ஒரு சோதனைத் திட்டத்திலுள்ள பணிகளை எல்லாம் முடித்துக் காட்டினால் போதும்.

விமானம் கை மாறும்போது

வீட்டு விமானங்கள் ஆபத்தானவையா? மேலே சொன்ன 2012 ஆய்வின்படி அமெரிக்கத் தனியார் விமானங்களில் இவை சுமார் 10 சதவீதம். 2011இல் நடந்த விபத்துகளில் இவற்றின் பங்கு 15 சதவீதம், உயிர் போன விபத்துகளில் 21. ஆபத்து கூடுதல்தான், பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆபத்து எங்கே குவிகிறது என்று பாருங்கள். அந்த வருடம் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து வேறொருவர் வாங்கியவை. மொத்தம் 224 விபத்துகளில் 14, புதிய உரிமையாளரின் முதல் பறத்தலிலேயே நடந்தவை.

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே அருகே கடலில் விழுந்து இறந்தது இப்படி வாங்கிய லாங்-ஈஸ் விமானத்தில். ரூட்டனின் வரைபடத்தில் எரிபொருள் டாங்கியை மாற்றும் பிடி விமானியின் கைக்கு எட்டும்படி முன்னால் இருக்கிறது. இந்த விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திரும்பிக் கை நீட்டினால் வலது கால் தன்னையறியாமல் மிதியை அழுத்தும், விமானம் திரும்பும். எரிபொருள் குறைவாக இருந்தது. டாங்கி மாற்ற முயன்றபோது கட்டுப்பாட்டை இழந்தார் என்று புலனாய்வு முடிவுக்கு வந்தது. அவர் அனுபவமுள்ள விமானி. அந்த ஒரு விமானத்தில்தான் அனுபவம் இல்லை.

தொழிற்சாலையில் செய்த விமானத்தை வாங்குபவருக்கு, அதே வகை எதை ஓட்டியிருந்தாலும் பிடி எங்கே, ஸ்டால் எங்கே என்று தெரிந்திருக்கும். வீட்டு விமானத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. கட்டியவருக்கு எஃப்ஏஏ தரும் பழுதுபார்ப்பவர் சான்றிதழும் விமானத்தோடு கை மாறாது. வாங்கியவர் ஆண்டுச் சோதனைக்குத் தகுதியுள்ள மெக்கானிக்கைத் தேட வேண்டும். ஆகவே வாங்கப் போகிறவர் வர்ணத்தையும் இருக்கைத் தோலையும் பார்ப்பதற்கு முன்னால் எடைத்தாளையும், சோதனைக் காலத்து அட்டைகளையும், வேகமானித் திருத்த அட்டவணையையும் கேட்க வேண்டும். அவை இல்லை என்றால், அல்லது எண்கள் விளம்பரத் தாளில் உள்ளபடியே பிசகாமல் இருந்தால், அந்த விமானம் இன்னும் சோதிக்கப்படவில்லை என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன வேலைகள் எல்லாவற்றையும் தராசிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசலாம்.